பிடிக்காத இடம்

“தோசை தீஞ்சிருச்சு, சிபி.”

“பரவால்லக்கா.”

“சட்னிக்கு உப்பும் கூடிப்போச்சு.”

“சாப்புடலாம். நல்லாத்தான் இருக்குது.”

கோகிலவாணி தோசைத் திருப்பியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சிபிச்சக்கரவர்த்தி கருகிய ஓரத்தைக்கூடப் பிய்த்து ஒதுக்காமல் மென்றுகொண்டிருந்தான். சாம்பாரில் புளி ஒரு சொட்டு கூடினால் சாப்பாடு முடிகிறவரைக்கும் அதையே பேசுகிறவன்.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதாடா?”

“இல்லியே.”

“கேம் முடிஞ்சுதா?”

“இன்னிக்கு முடிஞ்சிரும்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது அந்த வீட்டு விதி.

அக்காவும் தம்பியும் சேர்ந்து வீடியோ கேம்களை விமர்சிக்கும் ஒலி நிகழ்ச்சி ஒன்று நடத்தினார்கள். பெயர் ‘ஒத்துக்கமாட்டேன்’. வடவள்ளியில் அப்பா கட்டிய வீட்டில், சாப்பாட்டு மேஜையில் ரெக்கார்டரை நடுவில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நிகழ்ச்சி அவ்வளவுதான். மதிப்பெண் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. ஒரே விளையாட்டைத் தனித்தனியே ஆடி முடிப்பார்கள். ரெக்கார்டரைப் போடும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசினால் சண்டையின் சூடு அடுப்படியிலேயே ஆறிப்போகும் என்பது சிபி போட்ட விதி. இருவரும் ஒத்துப்போய்விட்டால் அந்த நிகழ்ச்சி வெளியாகக்கூடாது என்பது கோகிலா போட்டது. “ரெண்டு பேரும் தலையாட்டினா அது விமர்சனமில்ல, கல்யாணப் பத்திரிகை” என்பாள்.

அப்படி வெளியாகாமல் நின்றுபோன நிகழ்ச்சி இதுவரை இல்லை. ‘உப்பளம்’ என்று ஒரு விளையாட்டு வந்தது. பாத்தி கட்டி உப்பு வாரவேண்டும். கோடை முடியும் நேரத்தில் ஒவ்வொரு தடவையும் மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். இது கொடுமை என்றாள் அவள். இதுதான் நேர்மை என்றான் அவன். சண்டையில் பாதி, அந்தப் பாத்திகளுக்கு நடுவே காரணமில்லாமல் அலையும் ஒரு நாயைப் பற்றியே போய்விட்டது. கேட்டவர்கள் அந்த நாய்க்காகவே விளையாட்டை வாங்கினார்கள்.

இப்போது வந்திருப்பது ‘இதம்’. சரவணம்பட்டியில் இருக்கும் ஒரு புதிய நிறுவனம் செய்தது. திரை இல்லை, கன்ட்ரோலர் இல்லை. பிடரியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை ஒன்றுதான். கண்ணை மூடினால் ஆட்டம் தொடங்கும். வீட்டுக்கு ஒரு பட்டைதான் அனுப்பியிருந்தார்கள். முதலில் சிபி, பிறகு கோகிலா என்று பேச்சு.

அவன் இரண்டு மூன்று நாளாகவே வாய் திறக்காமல் இருப்பதை அவள் கவனித்திருந்தாள். விதியைக் காக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் மெஷின் வைத்துச் சுவரைக் குடைந்தார்கள். அவன் ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. அப்போதும், சண்டையைச் சேர்த்து வைக்கிறான், மொத்தமாகக் கொட்டப்போகிறான் என்றே நினைத்தாள். வேறு எந்த வீட்டிலும் ஒரு அக்கா இதற்குள் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

மத்தியானம் அவன் பட்டையைக் கழற்றி நீட்டினான்.

“உன் முறைக்கா.”

“இரு. உக்காரு. ரெக்கார்டரைப் போடறேன்.”

“நீ இன்னும் ஆடலியே.”

“தெரியும். உக்காருடா.”

விதியை மீறியதற்கே தனியாக ஒரு சண்டை நடந்திருக்கவேண்டும். சிபி வந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் முகம் போல இருந்தது.

“சொல்லு. எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குது.”

“எது நல்லா இருக்குது?”

“எல்லாமே.”

“அதுல நாம என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“தோக்க முடியுமா?”

“எதுக்குக்கா தோக்கணும்?”

“அடேய், நீதான்டா சொன்னவன். தோக்கடிக்கத் தெரியாத கேமும் திட்டத் தெரியாத மாமியாரும் ஒண்ணு, ரெண்டையும் நம்பக்கூடாதுன்னு.”

“சொன்னேனா? நல்லாச் சொல்லியிருக்கேன்.”

“அப்படின்னா இது மட்டமான கேம்தானே?”

“நீ சொன்னாச் சரிதான்க்கா.”

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை.

“சரி, நான் இப்ப ஒண்ணு சொல்றேன். அந்த உப்பளத்துல வர்ற நாய், தேவையே இல்லாத நாய்.”

“இருக்கலாம்.”

“அதை எடுத்துட்டா கேம் இன்னும் நல்லா இருக்கும்.”

“எடுத்தறலாம்.”

அவள் ரெக்கார்டரை நிறுத்தினாள். நிறுத்தியது ஏன் என்றும் அவன் கேட்கவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, அவளைப் பார்த்துக்கொண்டு, இனிமையாக உட்கார்ந்திருந்தான்.

நிகழ்ச்சியை வெளியிடுவது நல்லசிவம் நடத்தும் இணைய இதழ். அவருக்கு அவள் போன் போட்டாள்.

“ஏனுங் அம்மிணி, ஞாயித்துக்கெழமைக்கு ரெடிங்களா?”

“சார், இந்த இதம் கேமுக்கு மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க போங்க. மெட்ராஸ்காரர் அனுப்பிச்சிருக்காரு. ‘நல்லா இருக்கிறது. வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை.’ அம்புட்டுத்தான். பெங்களூர்ல ஒரு பொண்ணு இருக்குதே, போன வருசம் ஒரு கேம்ல கதவு தெறக்கற சத்தம் சரியில்லீன்னு நாலு பக்கம் எழுதுச்சே, அது என்ன எழுதியிருக்குதுங்கறீங்க?”

“நல்லா இருக்குதுன்னு.”

“அதேதானுங்க. நான் எழுத்துப்பிழையாவது திருத்தலாம்னு உக்காந்தேன். திருத்தறதுக்கும் ஒண்ணும் இல்ல.”

“காசு வாங்கிட்டாங்களோ?”

“காசு வாங்குனவன் நீட்டி முழக்குவான் அம்மிணி. இது அப்படி இல்ல. வயிறு நெறஞ்சவன் ஏப்பம் விட்டாப்ல இருக்குது. நம்ம சிபி என்ன சொல்றாப்ல?”

“அவனும் ஏப்பந்தான் சார்.”

மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறிச் சரவணம்பட்டிக்குப் போனாள். பட்டையைக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். வீட்டில் விட்டுப்போக மனம் வரவில்லை.

நிறுவனத்தின் வரவேற்பறையில் ஏசி பற்களைக் கிட்டவைத்தது. தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதன் கீழே வரிசையாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோர் பிடரியிலும் பட்டை இருந்தது. அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. ஒரே அளவுச் சிரிப்பு.

விளையாட்டை வடிவமைத்த நிரஞ்சனா என்ற பெண், ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். பிடரி வெறுமையாக இருந்தது. புருவத்துக்கு நடுவே கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் கோகிலாவுக்கு மூச்சு வந்தது.

“நீங்க போடறதில்லையா?”

“யாராவது ஒருத்தர் போடாம இருக்கணுமே மேடம். இல்லேன்னா வேலை நடக்காது. போன வாரம் தண்ணி டேங்க் வழிஞ்சு படிக்கட்டு வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்து போனாங்க.”

“இது என்ன பண்ணுது?”

“ஒண்ணு நமக்குப் பிடிக்கலைன்னா, அது முதல்ல தெரியறது நமக்கில்ல. பிடரிக்குக் கீழ சின்னதா ஒரு இழுப்பு வரும். முகம் சுளிக்கறதுக்கு முன்னாடி. நமக்கே தெரியறதுக்கு முன்னாடி. பட்டை அதைப் பிடிச்சுக்கும். எதைப் பார்த்து இழுத்துச்சோ அதை கேம் எடுத்துரும். அவ்வளவுதான் மேடம்.”

“எடுத்துக்கிட்டே போனா?”

“பிடிக்காதது எதுவும் மிச்சம் இருக்காது.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்த இழுப்பு வர்றதே நின்னுரும். கட்டுப் போட்டு வச்ச கை சூம்பிப் போகுதில்லையா, அது மாதிரி. வெளிய வந்தாலும் வர்றதில்ல.”

“திரும்பவே வராதா?”

“கொஞ்ச நாள் போடாம இருந்தா வந்துரும்னு நினைக்கறோம்.”

“நினைக்கறீங்களா?”

“இதுவரைக்கும் யாரும் அவ்வளவு நாள் கழட்டி வச்சதில்லைங்க மேடம். கழட்டணும்னா முதல்ல பிடிக்காமப் போகணுமே.”

குழல்விளக்கு அணைந்து எரிந்தது. நிரஞ்சனா மட்டும் கண்ணைச் சுருக்கினாள்.

“புகார் எதுவும் வரலையா?”

“ஒண்ணுகூட இல்ல. நான்தான் புகார் பண்ணிட்டிருக்கேன். எங்க மேலாளர் கேக்கறாரு, விமர்சகர்களே நல்லா இருக்குதுன்னு எழுதிட்டாங்க, உனக்கு என்னம்மா நோகுதுன்னு. அதனாலதான் உங்க வீட்டுக்கு நானே சொல்லி அனுப்ப வச்சேன். நீங்க ரெண்டு பேரும் எதையும் ஒத்துக்கமாட்டீங்க. நீங்களாவது ஏதாவது சொல்லுவீங்கன்னு.”

“சொல்லியிருப்பான். அவன்கிட்ட இருந்து அதைத்தானே எடுத்துட்டீங்க.”

நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். “எடுக்கறோம்னு நினைக்கலைங்க. பிடிக்காததை எடுத்தா நல்ல கேம் மிஞ்சும்னு நினைச்சோம். கல்லுல வேண்டாததைச் செதுக்கிட்டா சிலை வர்ற மாதிரி.”

“செதுக்கறவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும்.”

“ஆமாங்க மேடம். இதுக்குத் தெரியல.”

வீட்டுக்கு வந்தபோது சிபி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“அதுக்குள்ள உனக்கு என்னடா இருந்துச்சு?”

“முதல்ல கடல். இரைச்சல் பிடிக்கல. போயிருச்சு. அப்புறம் ஒரு ஊரு, கடைவீதி, நிறைய ஆளுங்க. ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. கடைசியில நம்ம வீடு வந்துச்சு.”

“இந்த வீடா?”

“இந்த மேஜை. நீ எதிர்ல உக்காந்திருந்த. ரெக்கார்டர் இல்ல.”

“நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

“ஒண்ணும் பண்ணல. பேசாம உக்காந்திருந்த. நானும் பேசல. அதுதான் கேம்.”

“எவ்வளவு நேரம்?”

“முடியற வரைக்கும்.”

பழத்தோலை மடித்துத் தட்டில் வைத்தான். கோகிலா அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, என்கூடச் சண்டை போடறது உனக்குப் பிடிக்காதா?”

“எனக்குச் சண்டையே பிடிக்காதுக்கா.” வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். “வயித்தைப் புரட்டும். முந்தின நாள் தூக்கம் வராது.”

“ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கல.”

எழுந்து போய்க் கையைக் கழுவினான். குழாயைச் சரியாக மூடவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் போய் மூடினாள். பேசியது தம்பியா, பட்டை விட்டுவைத்த மிச்சமா என்று அவளுக்குப் புரியவில்லை. தம்பி என்றால், இத்தனை வருடமாக அவள் எதிரே உட்கார்ந்திருந்தது யார்? மிச்சம் என்றால், அவனை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் இருப்பது ஒரே பட்டை. அது தன் பிடரியில் இருந்தால் அவன் பிடரியில் இருக்காது. ஆடிப் பார்க்காமல் விமர்சனமும் சொல்ல முடியாது. பிடிக்காமல் போவதில் தனக்கு இருக்கும் பழக்கம் இந்தத் தேசத்தில் யாருக்கு இருக்கிறது? எடுக்கட்டும். எவ்வளவு எடுக்கும், பார்த்துவிடலாம்.

ரெக்கார்டரை ஓடவிட்டு, பட்டையைப் பிடரியில் ஒட்டிக் கண்ணை மூடினாள்.

தோட்டம் ஒன்று வந்தது. பூக்கள் பிளாஸ்டிக் மாதிரி இருந்தன. இல்லாமல் போயின. பின்னால் வீணை வாசித்தார்கள். கோயில் விசேஷத்து ஸ்பீக்கர் மாதிரி என்று நினைப்பதற்குள் நின்றது. ஒரு பெண் வந்து அவளைத் தலைவி என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட வாயோடு மறைந்தாள். வானத்தின் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வானம் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எடு, எடு என்றாள். எடுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு வெற்றிடம் இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதுவும் போனது.

மேஜை வந்தது. எதிரே சிபி உட்கார்ந்திருந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

“இதெல்லாம் ஒரு கேமாக்கா?”

“ஏன்டா, என்ன குறைச்சல்?”

“கடலைக் காட்டினான். லேசா மூஞ்சியைச் சுளிச்சேன், கடலையே தூக்கிட்டான். என்ன மரியாதை இது கடலுக்கு?”

“ஆடறவங்களுக்கு மரியாதை குடுக்கறான். அது உனக்குக் கசக்குதா?”

“மரியாதை இல்லக்கா, பயம். நீ ஒரு வீட்டுக்குப் போற. நீ எதைச் சொன்னாலும் சரி, சரின்னு ஒருத்தன் தலையாட்டறான். எத்தனை நேரம் அங்க உக்காருவ?”

“மோர் நல்லா இருந்தா உக்காருவேன்.”

“மோர் நல்லா இருந்து என்ன பண்ண? கேம்னா எதிர்ல ஒருத்தன் வேணும். அவன் என்னை ஜெயிக்க விடக்கூடாது. விட்டாலும் எனக்குத் தெரியக்கூடாது.”

“தெரியாம விட்டுக்குடுத்தா அது மட்டும் யோக்கியமா?”

“அதுக்குப் பேருதான்க்கா கலை.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேசினார்கள், பேசினார்கள். அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவனிடம். விளையாட்டில் துன்பம் எதற்கு என்று அவள் கேட்டாள். வலிக்காத பல்லை நாக்கு தேடிப்போகுமா என்றான் அவன். இதைவிட நல்ல சண்டை அவர்கள் போட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது அறை புழுக்கமாக இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

“ஏன்டா சாத்தியிருக்க?”

“பக்கத்து வீட்டுல மறுபடியும் குடையறாங்க” என்றான் சிபி.

அவள் தலையாட்டிவிட்டு ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டாள். அவள் குரல் மட்டும் இருந்தது. கேள்வி, பிறகு வெறும் இரைச்சல். சிரிப்பு, பிறகு வெறும் இரைச்சல். அவன் பேசிய இடங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அந்தக் காலி இடங்களில் அவன் என்ன சொன்னான் என்று நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தாள். இரண்டு இடங்களில் சரியாக நினைவு வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வருவதற்காக அடுத்த நாளும் பட்டையைப் போட்டாள். கேட்டது புதிதாக வேறொரு சண்டையைக் கிளப்பிவிட்டது. அதையும் விட மனம் வரவில்லை.

“இன்னிக்கும் போடணுமாக்கா?”

“கொஞ்சந்தான் பாக்கி.”

“டீயில சர்க்கரையே இல்ல.”

“அப்படியா?” என்றாள். அவள் தம்ளர் காலியாகியிருந்தது.

நல்லசிவம் கூப்பிட்டார். “அம்மிணி, இந்த ஞாயித்துக்கெழமையும் போயிருச்சுங்களே.”

“அடுத்ததுக்கு வந்துரும் சார்.”

“சிபி தேறிட்டாப்லயா?”

“நல்லா இருக்கான்.”

“நீங்க?”

“நல்லா இருக்கேன் சார்.”

நிரஞ்சனாவும் கூப்பிட்டாள்.

“மேடம், நேத்து இருந்து கடைக்கு வந்துருச்சு. வரிசையில நிக்கறாங்க. யாரும் முண்டியடிக்கல. அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. நீங்க ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?”

“எழுதிட்டே இருக்கேன் நிரஞ்சனா. நல்லா வந்துட்டிருக்கு.”

“நல்லா வந்துட்டிருக்கா?” என்று நிரஞ்சனா மெதுவாகக் கேட்டாள்.

“ரொம்ப நல்லா.”

பதிவு செய்கிற அன்று காலையில் கோகிலா தாள்களை அச்செடுத்துச் சிபியின் முன்னால் வைத்தாள். தன் குரல் ஏற்கெனவே இருக்கிறது, காலி இடங்களில் அவன் படித்துக் கொடுத்தால் போதும் என்றாள். சொல்லும்போது அவள் விரல் பிடரியில் இருந்த பட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. அதை இப்போதெல்லாம் அவள் கழற்றுவதில்லை.

சிபி முதல் தாளைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“இது யாரு பேசினது?”

“நீதான்.”

“எப்ப?”

“அதுக்குள்ள.”

“நான் இப்படிப் பேசமாட்டேன்.”

“நல்லாத்தானே பேசியிருக்க.”

“அதான் சொல்றேன். ஒரு இடத்துல உளறல. ஒரு இடத்துல தடம் மாறிப் போகல. நாம பேசினா இந்நேரம் பேச்சு எவனோ ஒரு கண்டக்டர் சில்லறை குடுக்காததைப் பத்திப் போயிருக்கும்.” தாளைப் புரட்டினான். “இங்க பாரு. மூணாவது பக்கத்துல இருந்து இவன் விட்டுக்குடுத்துக்கிட்டே வர்றான். நீ எங்க அடிப்பியோ அங்க முதுகைக் காட்டறான். கடைசியில நீ ஜெயிக்கற. நான் உன்கிட்ட என்னிக்குக்கா தோத்தேன்?”

“இருக்கலாம்டா.”

“என்ன இருக்கலாம்?”

“நீ சொல்றது.”

அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவன் கழுத்தில் ஒரு நரம்பு இழுத்தது. முகம் சுருங்கியது. பல நாட்களாக அந்த முகத்தில் இல்லாத சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

“அக்கா, உனக்குச் சண்டை பிடிக்கும். அதனால அது உனக்குச் சண்டையைக் குடுத்திருக்கு. அதைத் தூக்கிட்டு வந்து விமர்சனம்ங்கற. இது அந்தக் கம்பெனிக்காரன் உன்னை வச்சு எழுதிக்கிட்ட விளம்பரம்.”

“அதுல உன் பேச்சு எல்லாம் அந்த கேமைத் திட்டித்தானே இருக்குது.”

“திட்டற மாதிரி இருக்குது. கேட்டு முடிச்சா, இவ்வளவு நல்லாத் திட்ட வைக்கற கேமை நானும் போட்டுப் பாக்கணும்னு எவனுக்கும் தோணும்.” தாள்களை மேஜைமேல் எறிந்தான். அவை நழுவித் தரையில் விழுந்தன. “எனக்குச் சண்டை பிடிக்காதுன்னு சொன்னேன்ல? நெஜந்தான். பிடிக்காமத்தான் இத்தனை வருசம் வந்து உக்காந்தேன். வயித்தைப் புரட்டப் புரட்ட உக்காந்தேன். எத்தனை கேம்ல, போதும், எந்திரிச்சுப் போயிரலாம்னு இருந்திருக்கு தெரியுமா? அந்த இடத்துல போகாம இருந்தேன் பாரு, அங்கதான்க்கா கேம் இருந்துச்சு. உன்கூட உக்காந்ததும் அப்படித்தான். பிடிச்சு உக்காந்தா அதுல என்ன இருக்கு? சொகமா இருந்தா நாய்க்குட்டிகூட உக்காரும்.”

அவன் குரல் உடைந்தது. மூச்சு வாங்கியது.

“இது என் குரல்ல வெளிய போகக்கூடாது. நான் ஒத்துக்கமாட்டேன்.”

கோகிலா அந்தச் சொல்லைக் கேட்டாள். அதற்காகத்தான் இதையெல்லாம் தொடங்கினோம் என்பது அவளுக்கு நினைவிருந்தது. தம்பி சிவந்துபோயிருந்தான். கண்ணில் நீர் நின்றது. பார்க்க அழகாக இருந்தான்.

“பேசு சிபி” என்றாள். “நீ பேசினா நல்லா இருக்குது.”

“எனக்குப் பதில் சொல்லு.”

“சொல்லணுமா?”

“திட்டு. கத்து. நான் சொன்னது தப்புன்னு சொல்லு. உனக்கு என்ன தெரியும்டா கேமைப் பத்தின்னு கேளு. கேப்பியே.”

அவள் தேடிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள். தம்பி ஒன்று கேட்கிறான், கொடுக்கவேண்டும் என்றுதான் இருந்தது. அவன் சொன்னதை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாமே வழவழப்பாக இருந்தது. கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

சிபி எழுந்து வந்து அவள் பின்னால் நின்றான். பிடரியிலிருந்து பட்டையை உரித்தான். அவள் தலையைக் குனிந்து வசதியாகக் காட்டினாள். அவன் அதைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பவும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏதாவது சொல்லுக்கா.”

“என்ன சொல்லணும்னு சொல்லு. சொல்றேன்.”